கோச் பெரியவரா, குவார்ட்டர்பேக் பெரியவரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு ஹாலில் கல்லூரி ஃபுட்பால்தான் ஓடும். நண்பர்கள் வருவார்கள். பாதிப் பேருக்கு விதிமுறை சரியாகத் தெரியாது, ஆனால் நாலாவது குவார்ட்டர் முடிவதற்குள் ஒரு சண்டை மட்டும் கட்டாயம் வந்துவிடும்: ஜெயித்தது கோச்சா, அந்தப் பையனா? ஒரே சந்தேகத்தை ஒவ்வொரு வருடமும் யாராவது புதிதாகக் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

ஃபுட்பால்னா காலால உதைக்கிறதுதானே? இந்தக் குவார்ட்டர்பேக் யாரு?

நீங்கள் சொல்வது சாக்கர். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை முன்னே கொண்டு போகும் அணியின் 11 பேர் அஃபென்ஸ், தடுக்கும் 11 பேர் டிஃபென்ஸ். ஒரே கல்லூரியிலும் இந்த இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள். அஃபென்ஸ் ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு பிளேயும் (ஒரு தடவை பந்தை எடுத்து ஆடுவது ஒரு பிளே) குவார்ட்டர்பேக் கையில்தான் தொடங்கும். அவர் பந்தை எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்க இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும், அதற்குள் 130 கிலோ ஆட்கள் நாலு பேர் அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

கிரிக்கெட்ல தோனி, பிளெமிங் மாதிரின்னு எடுத்துக்கலாமா?

பாதிதான் பொருந்தும். கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கிய பிறகு யார் பந்து வீசுவது, யாரை எங்கே நிறுத்துவது எல்லாம் கேப்டன் முடிவு, கோச் வெளியே உட்கார்ந்திருப்பார். இங்கே ஒவ்வொரு பிளேயும் கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சுகளிடமிருந்து வருகிறது. 2024 முதல் பெரிய கல்லூரி ஆட்டங்களில் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஸ்பீக்கர் வைக்க அனுமதித்துவிட்டார்கள், அடுத்த பிளேயைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது அணைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பையன் பாடு.

இன்னொன்று, கல்லூரியில் ஏலமும் கிடையாது, டிராஃப்டும் (அணிகள் வரிசைப்படி ஒவ்வொரு ஆளாகப் பொறுக்கிக்கொள்வது) கிடையாது. பள்ளியில் படிக்கும் பையன்களைத் தேடிப் போய், அவர்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து, அம்மா அப்பாவிடம் பேசிக் கூட்டி வருவதே ஹெட் கோச்சின் வேலையில் பெரும்பகுதி. ஆக அவர் கோச், தேர்வுக் குழு, பாதிக் கேப்டன் எல்லாமே. அதனால்தான் சம்பளமும் அப்படி, திட்டும் அப்படி.

என்.எஃப்.எல்.லயும் இதே பேச்சுதானே? பெலிசிக்கா, பிரேடியா?

ஆமாம், ஆனால் அந்தத் தொழில்முறை லீகில் தீர்ப்பு வர 20 வருடம் ஆனது. கோச் பெலிசிக்கும் குவார்ட்டர்பேக் பிரேடியும் சேர்ந்து ஆறு சூப்பர் பவுல் (அந்த லீகின் இறுதிப் போட்டி) ஜெயித்தார்கள். 2020ல் பிரேடி டாம்பாவுக்குப் போய் முதல் சீசனிலேயே ஏழாவதை ஜெயித்தார், அதே சீசனில் பெலிசிக்கின் அணி 7-9. (முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி. சீசன் கணக்கைக் கீழே முழுக்க இப்படித்தான் எழுதுவேன், ஒரு தனி ஆட்டத்துக்குச் சொன்னால் அது புள்ளிக் கணக்கு.) பிறகு பெலிசிக் கல்லூரிக்கே வந்தார். வட கரோலினாவில் 2025ல் முதல் சீசன் 4-8.

கல்லூரியில் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். நட்சத்திர ஆட்டக்காரர் ஒரு வருடம், மிஞ்சினால் மூன்று நாலு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார். கோச் அங்கேயே இருப்பார். அந்த நட்சத்திரம் வருவதற்கு முன்பு என்ன, இருந்தபோது என்ன, போன பிறகு என்ன என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தச் சண்டைக்குக் கல்லூரி ஆட்டத்தைவிட நல்ல களம் வேறு இல்லை.

ஒரே ஒரு ஆளால ஒரு டீம் அவ்வளவு மாறிடுமா?

ஆபர்ன் கல்லூரியின் கதையைக் கேளுங்கள். ஜீன் சிசிக் அயோவா ஸ்டேட்டில் இரண்டு வருடம் ஹெட் கோச்சாக இருந்து 5-19 வாங்கியவர். 2008 டிசம்பரில் அவரை ஆபர்ன் எடுத்தபோது விமான நிலையத்திலேயே ஒரு ரசிகர் அந்த 5-19 ஐச் சொல்லிக் கத்தினார். முதல் வருடம் 8-5. 2010ல் டெக்ஸஸில் பிளின் என்ற சிறிய இரண்டு வருடக் கல்லூரியிலிருந்து கேம் நியூட்டன் என்ற குவார்ட்டர்பேக் வந்தார். அந்த சீசன் 14-0, தேசிய சாம்பியன். நியூட்டன் எறிந்து 2,854 யார்டு, ஓடி 1,473 யார்டு, எறிந்த டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) 30, ஓடிப் போட்டது 20. வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹெய்ஸ்மன் விருதும் அவருக்குத்தான். அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்.

2011ல் ஆபர்ன் மறுபடி 8-5. 2012ல் 3-9, தங்கள் பிரிவான எஸ்.இ.சி.யில் எட்டு ஆட்டம் ஆடி எட்டும் தோல்வி. சாம்பியன் பட்டம் வாங்கி இரண்டே வருடத்தில் சிசிக் வேலை போய்விட்டது.

அப்போ சிசிக் சும்மா நின்னு வேடிக்கை பார்த்தார்னு சொல்றியா?

இல்லை. அவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2004ல் ஆபர்ன் 13-0 ஆடியபோது டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டவர் அவர். 2005ல் வின்ஸ் யங் குவார்ட்டர்பேக்காக ஆடிய டெக்ஸஸ் அணி சாம்பியன் ஆனபோதும் டிஃபென்ஸ் பொறுப்பில் இருந்த இருவரில் ஒருவர். 2010 அணியிலும் நிக் ஃபேர்லி என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரர் எதிரணிகளைத் துவைத்துக் காயப்போட்டார், அவர் இல்லாமல் அந்தப் பட்டம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் அவருக்கு எதிராக நிற்கிறது. அந்த வருடம் ஐந்து ஆட்டங்களை மூன்று புள்ளிக்குள்தான் ஜெயித்தார்கள்: மிஸிஸிப்பி ஸ்டேட், கிளெம்ஸன், கென்டக்கி, அலபாமா, இறுதியில் ஆரிகன். கிளெம்ஸன் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் எதிரணி உதைத்த பந்து கம்பத்துக்குள் போய்விட்டது, அதற்கு முன் செய்த ஒரு சின்னத் தவறால் செல்லாமல் போய், மறுபடி உதைத்தபோது தவறிவிட்டது. அலபாமாவிடம் 0-24 என்று பின்தங்கி 28-27 ஜெயித்தார்கள். அப்படிப்பட்ட கடைசி நிமிடங்களில் பந்து யார் கையில் இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இது கொஞ்சம் கொடூரம். 2010ல் அஃபென்ஸை நடத்திய உதவிக் கோச் (கோஆர்டினேட்டர் என்பார்கள்) கஸ் மல்ஸான் 2012ல் வேறு கல்லூரிக்குப் போய்விட்டு, 2013ல் ஆபர்னுக்கே ஹெட் கோச்சாகத் திரும்பினார். முந்தைய வருடம் 3-9 ஆடிய அணியில் பெரும்பாலும் அதே பையன்கள். 12-2 ஆடி, தேசிய இறுதிப் போட்டியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 34-31 தோற்றார்கள். சிசிக் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

மல்ஸான்தான் உண்மையான மூளைன்னு ஆயிடுச்சே, அவர் பின்னால என்ன ஆனார்?

அதுதான் வேடிக்கை. 2013ல் அவருக்கும் நிக் மார்ஷல் என்ற ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் கிடைத்தார், அவரும் இரண்டு வருடக் கல்லூரி வழியாக வந்தவர். அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. அலபாமா தவறவிட்ட ஒரு நீண்ட உதையைக் கிறிஸ் டேவிஸ் பிடித்து, கடைசி நொடியில் மைதானம் முழுக்க ஓடி ஜெயித்துக் கொடுத்தாரே, அது அந்த வருடம்தான். அதன் பிறகு 2020 வரை மல்ஸான் ஆபர்னில் இருந்தார், 2017ல் மட்டும் 10 ஆட்டம் ஜெயித்தார், மற்ற வருடமெல்லாம் ஒற்றை இலக்கம். ஒருவரிடமிருந்து எடுத்த பெருமையை அப்படியே இன்னொருவர் தலையில் வைத்தால் அதுவும் நிற்பதில்லை.

எல்.எஸ்.யு. 2019 டீம் தான் எல்லாத்திலயும் பெஸ்ட்னு சொல்றாங்க. அதுக்குப் பெருமை ஓஜெரானுக்கா, பர்ரோவுக்கா?

எல்.எஸ்.யு., அதாவது லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, இருக்கும் பேடன் ரூஜ் எங்களுக்கு நாலரை மணி நேர கார் பயணம், அதனால் எங்கள் ஹாலில் இந்தக் கேள்விதான் அதிகச் சத்தம் போடும். எட் ஓஜெரான் ஓலே மிஸ் கல்லூரியில் ஹெட் கோச்சாக மூன்று வருடத்தில் 10-25. எல்.எஸ்.யு.வில் 2016 நடுவில் தற்காலிகமாக வந்து நிரந்தரமானவர். குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் 2018ல் இங்கே வந்தார். 2019ல் 15-0, பர்ரோ எறிந்தது 5,671 யார்டு, 60 டச்டவுன். 2020ல் பர்ரோ போய்விட்டார், அணி 5-5. 2021 நடுவிலேயே ஓஜெரானை அனுப்பப் போவதாக அறிவித்துவிட்டார்கள்.

சிசிக் கதை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2018லும் அதே பர்ரோ, அதே ஓஜெரான். அப்போது எறிந்த டச்டவுன் 16 தான். அடுத்த வருடம் 60. பையன் அதே பையன். இடையில் என்ன நடந்தது? நியூ ஆர்லின்ஸ் செயின்ட்ஸ் அணியில் சின்ன வேலையில் இருந்த ஜோ பிரேடி என்ற 29 வயதுக்காரரை ஓஜெரான் கூட்டி வந்தார், பழைய பாணியை விட்டுவிட்டு எறியும் ஆட்டத்துக்கு மாற அனுமதித்தார். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் இருவரும் ரிசீவர்களாக (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) முதிர்ந்தார்கள். அடுத்த டிராஃப்டில் அந்த அணியிலிருந்து 14 பேரை எடுத்தார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் பிடிவாதத்தை விடுவது சின்ன விஷயம் இல்லை, அதற்கான மதிப்பெண்ணை ஓஜெரானுக்கு முழுசாகவே கொடுப்பேன்.

அப்போ 5-5 ஆனது பர்ரோ போனதாலதான், கோச் மேல தப்பு இல்லையே?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பர்ரோ போனால் அஃபென்ஸ் விழும், சரி. டிஃபென்ஸ் ஏன் விழ வேண்டும்? டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் டேவ் அராண்டா பேய்லருக்கு ஹெட் கோச்சாகப் போனார், அவர் இடத்தில் போ பெலினியை ஓஜெரான் வைத்தார். 2020ன் முதல் ஆட்டத்திலேயே மிஸிஸிப்பி ஸ்டேட் குவார்ட்டர்பேக் 623 யார்டு எறிந்தார், எஸ்.இ.சி. வரலாற்றில் அதுவரை யாரும் எறியாத அளவு. எல்.எஸ்.யு. 44-34 தோற்றது.

பர்ரோ தங்கியிருந்தாலும் அந்த 623 யார்டைத் தடுத்திருக்க மாட்டார். அவர் நிற்பது மைதானத்துக்கு வெளியே. ஒரு கோச்சை எடைபோட எனக்குப் பிடித்த வழி இதுதான்: நட்சத்திரக் குவார்ட்டர்பேக் தொடவே தொடாத இடங்களைப் பாருங்கள். டிஃபென்ஸ், உதைக்கும் ஆட்டம், உதவிக் கோச் போனால் அடுத்து யாரை எடுக்கிறார் என்பது. அங்கே நல்லதாக இருந்தால் அது கோச்சுடையது. அங்கே ஓட்டை விழுந்தால் அதுவும் அவருடையதுதான்.

குவார்ட்டர்பேக் யாரா இருந்தாலும் ஜெயிச்சுக் காட்டின கோச் இருக்காங்களா?

இருக்கிறார்கள். 2014 ஒஹாயோ ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஆட வேண்டிய பிராக்ஸ்டன் மில்லருக்கு சீசன் தொடங்கும் முன்பே தோளில் அடி. அடுத்தவர் ஜே.டி. பாரெட், நவம்பர் கடைசியில் மிஷிகன் ஆட்டத்தில் கணுக்கால் உடைந்தது. மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ். அவர் முதன்முதலாகத் தொடங்கிய ஆட்டம் விஸ்கான்ஸினுக்கு எதிராக, 59-0. அடுத்தது அலபாமா, 42-35. மூன்றாவது தேசிய இறுதிப் போட்டி, ஆரிகனை 42-20. அந்த அணியின் கோச் அர்பன் மேயரைப் பற்றி, நட்சத்திரக் குவார்ட்டர்பேக் டிம் டீபோ இல்லாமல் ஃப்ளோரிடாவில் 2010ல் 8-5 தானே என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். (டீபோ முக்கிய ஆட்டக்காரராவதற்கு முன்பே 2006ல் கிறிஸ் லீக்கை வைத்து மேயர் ஒரு பட்டம் வாங்கியிருந்தார், அதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.)

நிக் சேபன் ஏழு பட்டம் வாங்கினார், எல்.எஸ்.யு.வில் ஒன்று, அலபாமாவில் ஆறு. குவார்ட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: மாட் மாக், மெக்எல்ராய், மெக்காரன், கோக்கர், பிறகு மாக் ஜோன்ஸ். 2017 சீசனின் இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்தில் 0-13 பின்தங்கியபோது, வருடம் முழுக்க ஆடிய ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு முதல் வருடப் பையன் டுவாவை இறக்கி ஜெயித்தார். அது கோச் எடுத்த முடிவு, முழுக்க அவருடையது. ஜார்ஜியாவில் கிர்பி ஸ்மார்ட் 2021லும் 2022லும் ஸ்டெட்ஸன் பென்னட்டை வைத்து ஜெயித்தார். பென்னட் உதவித்தொகை கூட இல்லாமல் அணியில் சேர்ந்தவர்.

அப்போ குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு மதிப்பு குடுக்கிறது சும்மா பில்டப்பா?

பில்டப் என்றால் 2023 டிசம்பரில் பிளேஆஃபுக்கு (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று) அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு என்ன செய்தது என்று பாருங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, பிரிவின் சாம்பியன். ஆனால் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலை உடைத்துக்கொண்டார். அவர் இல்லாத அணி வேறு அணி என்று சொல்லி, அப்போது நாலு அணிகள் மட்டும் ஆடிய பிளேஆஃபில் அவர்களைச் சேர்க்கவில்லை. பெரிய பிரிவில் தோல்வியே இல்லாமல் சாம்பியனான அணியை வெளியே நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. டிராவிஸ் இல்லாமலும் இரண்டு ஆட்டம் ஜெயித்துத்தான் அந்த 13-0 வந்தது. மேலே சொன்ன கார்டேல் ஜோன்ஸ் கதையை அந்தக் குழு மறந்துவிட்டது போல. அடுத்த வருடம் அதே கோச்சின் கீழ் 2-10 ஆடினார்கள் என்று என் நண்பர் ஒருவர் உடனே நினைவுபடுத்துவார். சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது வேறு கணக்கு.

ஸ்டார் போன அடுத்த வருஷமே தோத்தா, கோச் டுபாக்கூர்னு முடிவு பண்ணிடலாமா?

கூடாது. அடுத்த வருடம் எல்லோருக்கும் இறங்கும். நட்சத்திரத்தோடு சேர்ந்து நாலைந்து நல்ல ஆட்டக்காரர்களும் போவார்கள், கோஆர்டினேட்டருக்கு வேறு கல்லூரியில் ஹெட் கோச் வேலை கிடைக்கும். நான் பார்ப்பது இரண்டாவது, மூன்றாவது வருடம். வின்ஸ் யங் போன பிறகு டெக்ஸஸில் மேக் பிரவுன் 10-3 ஆடினார், கோல்ட் மெக்காயை வளர்த்து 2009ல் மறுபடி இறுதிப் போட்டிக்கே வந்தார். அந்த ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே மெக்காய்க்கு அடிபட்டு அலபாமாவிடம் தோற்றது தனிச் சோகம். அதற்கு அடுத்த வருடம் 5-7. இரண்டு நட்சத்திரம் போனதில் ஒரு தடவை தாங்கினார், ஒரு தடவை தாங்கவில்லை.

எங்க ஏ அண்ட் எம்-மை மட்டும் ஏன் விட்டுட்ட?

டெக்ஸஸ் ஏ அண்ட் எம் கல்லூரியை விடவில்லை, பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 2012ல் ஜானி மான்செல், முதல் வருடக் குவார்ட்டர்பேக், அலபாமாவை அவர்கள் மைதானத்திலேயே 29-24 ஜெயித்தார், ஹெய்ஸ்மன் வாங்கினார். கோச் கெவின் சம்லினின் அணி 11-2. அடுத்த வருடம் 9-4. மான்செல் போன பிறகு 8-5, 8-5, 8-5, 7-5, வேலை போச்சு. பாவம் அந்த மனிதர், கெட்ட கோச் இல்லை, வருடத்துக்கு எட்டு ஆட்டம் ஜெயிக்கும் கோச். மான்செல் அதை 11 ஆக்கிக் காட்டினார், அதற்குப் பிறகு எட்டு யாருக்கும் போதவில்லை.

அவருக்குப் பதில் யாரை எடுத்தார்கள்? ஃப்ளோரிடா ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டனை வைத்து 2013ல் 14-0 ஆடிய ஜிம்போ ஃபிஷரை, பத்து வருடத்துக்கு ஏழரைக் கோடி டாலர் என்று. ஃபிஷர் நல்ல ஆட்களைச் சேர்ப்பவர்தான், 2013 முதல் 2015 வரை மூன்று டிராஃப்டுகளில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து 29 பேர் போனார்கள், வின்ஸ்டன் அவர்களில் ஒருவர்தான். ஆனால் வின்ஸ்டன் போன மூன்றாவது வருடம் அங்கே 5-6 ஆக இருந்தபோதுதான் கிளம்பினார். மேலே சொன்ன மூன்றாவது வருடக் கணக்கை ஏ அண்ட் எம் போட்டுப் பார்க்கவில்லை. 2023 நவம்பரில் அவரை அனுப்ப ஏழரைக் கோடிக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

வருஷா வருஷம் ஒரு ஹெய்ஸ்மன் பையனை உருவாக்குற கோச்னா பெரிய ஆள்தானே?

லிங்கன் ரைலியைச் சொல்கிறீர்கள். ஒக்லஹோமாவில் மேஃபீல்ட், மரே, தெற்குக் கலிஃபோர்னியாவில் கேலப் வில்லியம்ஸ், மூன்று பேருக்கும் ஹெய்ஸ்மன் இவர் கீழேதான். குவார்ட்டர்பேக் ஆசிரியர் என்றால் இவருக்கு நூற்றுக்கு நூறு. ஒக்லஹோமாவில் மூன்று தடவை பிளேஆஃப் போனார், மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. ஜார்ஜியாவிடம் 54-48 தோற்றார், பர்ரோவின் எல்.எஸ்.யு.விடம் 63-28. இதில் எந்த ஆட்டத்திலும் குறை குவார்ட்டர்பேக் மேல் இல்லை. டிஃபென்ஸ் பற்றி மேலே சொன்னதை இங்கேயும் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போ டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துடுச்சே, இந்தக் கணக்கெல்லாம் இன்னும் செல்லுமா?

கொஞ்சம் மாறிவிட்டது. முன்பு கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2021 முதல் அந்தத் தடை தளர்ந்தது, அதே வருடம் ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். ஒரு கோச் வருடாவருடம் வேறு கல்லூரியில் தயாரான குவார்ட்டர்பேக்கை வாங்கி வந்துவிட முடியும். அப்போது நட்சத்திரம் போன பிறகு என்ன என்ற கேள்விக்கே இடம் குறைகிறது, அவர் இடத்தில் அடுத்த நட்சத்திரம் வந்துவிடுகிறார். யாரைத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார் என்பதே கோச்சின் திறமை ஆகிவிட்டது. நியூட்டனும் பர்ரோவும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தான் என்பதால் இது முழுக்கப் புதிது என்றும் சொல்ல மாட்டேன்.

எங்க காலேஜ் இந்த வருஷம் 11-2. கோச்சுக்கு உடனே பெரிய கான்ட்ராக்ட் போடணும்ங்கிறாங்க. நீ என்ன சொல்ற?

குவார்ட்டர்பேக் கிளம்புகிற வருடம் என்றால் பொறுக்கச் சொல்வேன். பட்டம் வாங்கிய சூட்டில் ஓஜெரானுக்கு ஆறு வருடம், 4.2 கோடி டாலர் என்று போட்டார்கள், இரண்டு வருடத்துக்குள் அவரை அனுப்பச் சுமார் 1.7 கோடி ஆனது. அனுப்பப் போகும் செய்தி வந்த பிறகு அவர் சிரித்த முகமாகவே இருந்தார், வேறு எப்படி இருப்பார்.

ஆனால் பொறுத்தால் வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடுமே என்று பயப்படுவீர்கள். அதுவும் நியாயம்தான், போகத்தான் செய்வார்கள். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வசந்த காலப் பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். டிக்கெட் மலிவு, சில இடங்களில் இலவசம். இரண்டாவது, மூன்றாவது குவார்ட்டர்பேக் எப்படி எறிகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.